படிக்கப் போனவர்கள் தங்கிவிட்ட கதை

"பையன் எம்.எஸ். பண்ண அமெரிக்கா போறான்" என்று யாராவது சொன்னால் உடனே வரும் அடுத்த கேள்வி, "அப்புறம் அங்கயேதானே?" பத்தாவது முடித்தவன் பதினொன்றாவது போகிற மாதிரி, எம்.எஸ். முடித்தவன் அங்கேயே வேலைக்குப் போவான் என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டமாகவே ஆகிவிட்டது. தொழில் காரணமாக இந்தக் கேள்வியை வருடத்துக்கு நூறு தடவையாவது கேட்கிறேன். போபாலில் ஹிந்தியில் கேட்பார்கள்: "செட்டில் ஹோ ஜாயேகா நா, சாப்?" லீவில் திருநெல்வேலி வந்தால் கல்யாண வீட்டில் தமிழில் கேட்பார்கள்: "அங்கயே செட்டில் ஆயிருவாம்லா?" மொழிதான் வேறு, கவலை ஒன்றுதான்.

அப்படித் தங்குவதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. சட்டம் திறந்த வருடங்களும் உண்டு, மூடிய வருடங்களும் உண்டு. கூடவே இன்னொரு வரலாறும் ஓடுகிறது. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. படிக்கப் போனவர்களின் செலவை யார் கொடுத்தார்கள், தங்க முடியாமல் போனால் நஷ்டம் யார் தலையில் விழுந்தது என்பதுதான் அது. பி.காம். படித்தவன் புத்தி அங்கேதானே போகும்! இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லப்பிரகட சுப்பாராவிலிருந்து ஆரம்பிப்போம். பீமவரத்தில் பிறந்த தெலுங்கர். மருத்துவம் படித்தது நம்ம சென்னையில், மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில்தான். 1920-களின் தொடக்கத்தில் ஹார்வர்டுக்குப் படிக்கப் போனார். போவதற்குப் பணம்? மாமனார் கொஞ்சம், காக்கிநாடாவில் இருந்த ஒரு தரும நிதி கொஞ்சம். அங்கே போய் ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலையும் பார்த்திருக்கிறார்.

அன்றைய அமெரிக்கச் சட்டத்தைப் பாருங்கள். 1917-ல் ஒரு குடியேற்றச் சட்டம் போட்டு, இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதியிலிருந்து யாரும் குடியேற வரக்கூடாது என்று கோடு கிழித்துவிட்டார்கள். மாணவர்களுக்கு விலக்கு உண்டு. அதாவது படிக்க வரலாம், குடியேற முடியாது. 1923-ல் பகத் சிங் திண்ட் என்பவரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இந்தியர்கள் சட்டத்தின் கண்ணில் 'வெள்ளையர்' அல்ல, ஆகவே குடியுரிமை பெறத் தகுதி இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள் சிலரிடமிருந்து அதைத் திரும்பப் பறிக்கவும் செய்தார்கள்.

இந்தச் சூழ்நிலையில்தான் சுப்பாராவ் ஹார்வர்டில் ஆராய்ச்சி செய்தார். நம் உடம்பின் செல்களில் சக்தியைச் சேமிக்கும் ஏ.டி.பி. என்ற பொருளை 1929-ல் கண்டறிந்தவர்களில் ஒருவர். 1930-ல் பி.எச்டி. வாங்கினார். ஆனால் ஹார்வர்டு அவரை நிரந்தரப் பேராசிரியராக வைத்துக்கொள்ளவில்லை. 1940-ல் லெடர்லி என்ற மருந்துக் கம்பெனிக்குப் போனார். அங்கே அவர் குழு கண்டுபிடித்தவற்றில் ஒன்று யானைக்கால் நோய்க்கான மருந்து. நம்ம ஊரில் சுகாதாரத் துறையினர் வீடு வீடாக வந்து "எங்க முன்னாடியே முழுங்குங்க" என்று கொடுக்கிறார்களே டி.இ.சி. மாத்திரை, அதேதான்.

1946-ல் சட்டம் கொஞ்சம் இளகியது. லூஸ்-செல்லர் சட்டம் என்று பெயர். இந்தியர்கள் குடியுரிமை பெறலாம், குடியேற வருடத்துக்கு 100 பேருக்கு இடம். எழுத்துப் பிழை இல்லை, நூறு பேர்தான்! சுப்பாராவ் 1948-ல் இறந்தார். ஏறக்குறைய இருபத்தைந்து வருடம் அந்த நாட்டுக்கு உழைத்தும், குடிமகன் ஆகாமலே போய்விட்டார். ஊருக்கும் திரும்பவில்லை. மனைவி இங்கே, அவர் அங்கே. அவர் கதையில் நஷ்டப்பட்டது யார் என்று கேட்டால், நான் அந்த அம்மாவைத்தான் சொல்வேன்.

அதே காலத்தில் இங்கிலாந்துக்குப் போனவர்கள் நிலைமை வேறு. சுப்ரமணியன் சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-ல் அரசு உதவித்தொகையில் கேம்பிரிட்ஜ் போனார். நாம் அப்போது பிரிட்டிஷ் பிரஜைகள். ஆகவே அங்கே தங்குவதற்குச் சட்டத் தடை கிடையாது (அடிமையாக இருந்ததில் கிடைத்த ஒரே சௌகரியம்!). 1933-ல் பி.எச்டி., பிறகு டிரினிட்டி கல்லூரியில் ஃபெல்லோ. ஆனால் நிரந்தர வேலை என்று ஒன்று தேவைப்பட்டபோது, 1937-ல் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். 1953-ல்தான் அமெரிக்கக் குடிமகன் ஆனார். முப்பது வருடம் கழித்து, 1983-ல் நோபல் பரிசு.

திரும்பி வந்து பார்த்தவர்களும் உண்டு. ஹர் கோபிந்த் கொரானா 1945-ல் இந்திய அரசின் உதவித்தொகையில் லிவர்பூல் போய் 1948-ல் பி.எச்டி. முடித்தார். 1949-ல் இந்தியா வந்தார். தகுந்த வேலை அமையவில்லை. திரும்ப கேம்பிரிட்ஜ், அங்கிருந்து கனடா, அங்கிருந்து அமெரிக்கா. 1968-ல் நோபல் பரிசு. அரசாங்கத்துக்கே இது உறுத்தியிருக்க வேண்டும். 1958-ல் சி.எஸ்.ஐ.ஆர். மூலம் 'சயின்டிஸ்ட்ஸ் பூல்' என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். வெளிநாட்டில் படித்துத் திரும்புகிறவர்களுக்கு நிரந்தர வேலை கிடைக்கும்வரை தற்காலிகமாக ஒரு இடமும் சம்பளமும். வெயிட்டிங் ரூம் மாதிரி. ரயில் வந்ததா என்பது வேறு விஷயம்.

இதுவரை சொன்ன மூவருமே தனி மனிதர்கள். கூட்டம் கூட்டமாகப் போனது 1965-க்குப் பிறகுதான். அந்த வருடம் அக்டோபர் 3 அன்று ஜனாதிபதி ஜான்சன் சுதந்திர தேவி சிலையின் காலடியில் உட்கார்ந்து புதிய குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். இனம் பார்த்து ஒதுக்கீடு செய்யும் பழைய முறை ஒழிந்தது. படித்தவர்களுக்கும் தொழில் தெரிந்தவர்களுக்கும் தனி முன்னுரிமை வந்தது. இந்தியாவில் அப்போதுதான் கான்பூர், சென்னை ஐ.ஐ.டி.க்களிலிருந்து முதல் செட் பையன்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். இரண்டும் 1959-ல் ஆரம்பித்தவை. அங்கே கதவு திறந்த நேரமும் இங்கே ஆள் தயாரான நேரமும் சரியாகப் பொருந்திவிட்டன.

இங்கே ஒரு வேடிக்கை. அமெரிக்காவின் 1952-ம் வருடச் சட்டப்படி மாணவர் விசா (எஃப்-1) கேட்கிறவர், சொந்த நாட்டில் எனக்கு வீடு இருக்கிறது, அதைக் கைவிடும் எண்ணம் இல்லை என்று விசா அதிகாரியை நம்பவைக்க வேண்டும். இன்றும் அதே விதிதான். வீட்டில் "அங்கயே செட்டில் ஆயிடு" என்று திருநீறு பூசி அனுப்புவார்கள். பையன் தூதரகக் கவுண்டரில் "படிச்சதும் திரும்பி வந்துடுவேன் சார்" என்பான். அறுபது வருடங்களாக இந்த நாடகம் நடக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் தெரியும் :-)

அந்தத் தலைமுறைக்கு யார் பணம் கொடுத்தது? நம் ரிசர்வ் வங்கி கொடுக்கவில்லை. அன்னியச் செலாவணிப் பஞ்ச காலம் அது. 1960-களின் பிற்பகுதியில் விமானம் ஏறியவர்கள் "கையில் எட்டு டாலரோடு போனேன்" என்று சொல்வார்களே, அது மிகைப்படுத்தல் இல்லை. அனுமதித்ததே அவ்வளவுதான். 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது டாலர் 4 ரூபாய் 76 பைசாவிலிருந்து ஒரே நாளில் 7 ரூபாய் 50 பைசா ஆனது. அப்பா வயலை விற்றாலும் அந்த ரூபாயை டாலராக மாற்றி அனுப்ப வழி கிடையாது. ஆகவே பெரும்பாலும் போக முடிந்தவர்கள், அங்கிருக்கும் பல்கலைக்கழகமே ஃபீஸைத் தள்ளுபடி செய்து, மாதாமாதம் உதவித்தொகையும் கொடுத்தவர்கள்தான். பாடம் எடுக்க உதவு, லேபில் வேலை செய், பணம் தருகிறோம் என்ற அசிஸ்டன்ட்ஷிப் முறை.

இதன் அர்த்தம் என்ன? அந்தப் பையன் படித்து முடித்து, வேலை கிடைக்காமல் திரும்பி வந்திருந்தால், ஒரு கனவு போயிருக்கும். அவ்வளவுதான். கடன் என்று பெரிதாக எதுவும் இருந்திருக்காது, விமான டிக்கெட்டுக்கு வாங்கிய கைமாற்றைத் தவிர. ரிஸ்க்கை எடுத்தது அமெரிக்கப் பல்கலைக்கழகம். இந்தியாவில் அவனைப் பொறியாளர் ஆக்கிய செலவு இந்திய அரசுடையது. அந்தச் செலவைப் பற்றித்தான் 'மூளை வடிகால்' என்று எழுபதுகளில் பெரிய விவாதம் நடந்தது. பொருளாதார அறிஞர் ஜகதீஷ் பகவதி, அப்படிப் போய்ச் சம்பாதிக்கிறவர்கள்மீது ஒரு வரி போட்டு அவர்களுடைய சொந்த நாட்டுக்குக் கொடுக்கலாம் என்றே யோசனை சொன்னார். நடக்கவில்லை.

அடுத்த திருப்பம் 1990. அந்த வருடச் சட்டத்தில்தான் எச்-1பி என்ற பெயரும், வருடத்துக்கு 65,000 என்ற உச்சவரம்பும் வந்தன. 1992-ல், மாணவர்கள் படிப்பு முடித்தபின் 12 மாதம் வேலை பார்க்கலாம் என்ற ஓ.பி.டி. விதி இன்றைய வடிவத்துக்கு வந்தது. 'பயிற்சி' என்று பெயர். நடைமுறையில் கம்பெனி உங்களைப் பார்க்கவும், நீங்கள் கம்பெனியைப் பார்க்கவும் ஒரு வருடம், பெண் பார்க்கும் படலம் மாதிரி. பிடித்தால் எச்-1பி. தொண்ணூறுகளின் கடைசியில் ஒய்2கே பரபரப்பு, சாஃப்ட்வேர் ஆட்களுக்குத் தட்டுப்பாடு. உச்சவரம்பு 1,15,000 ஆகி, 2001 முதல் 2003 வரை 1,95,000 வரை போனது. 2004-ல் மறுபடி 65,000. அதே வருடம் போட்ட இன்னொரு சட்டத்தால், அமெரிக்காவிலேயே முதுகலை படித்தவர்களுக்கு என்று 20,000 தனியாக ஒதுக்கினார்கள். எம்.எஸ். படிப்புக்குத் தனி மவுசு வர இந்த 20,000-க்கும் பங்கு உண்டு.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். 2001-ல் இந்திய வங்கிகள் சங்கம் ஒரு மாதிரிக் கல்விக்கடன் திட்டம் கொண்டுவந்தது. இந்தியாவில் படிக்க 7.5 லட்சம், வெளிநாட்டில் படிக்க 15 லட்சம் (பிற்பாடு 20 லட்சம், இன்று அதற்கு மேலும் பல வங்கிகள் கொடுக்கின்றன). 4 லட்சம் வரை ஈடு வேண்டாம், 7.5 லட்சத்துக்கு மேல் போனால் சொத்து அடமானம். படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம், வேலை அதற்குள் கிடைத்துவிட்டால் ஆறு மாதத்தில் ஆரம்பிக்க வேண்டும் என்றது அந்தத் திட்டம். நல்ல திட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. எத்தனையோ வீடுகளில் முதல் பட்டதாரியை உருவாக்கியது இந்தக் கடன். 2004-ல் ரிசர்வ் வங்கி தனிநபர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வருடத்துக்கு 25,000 டாலர் வரை தாராளமாக அனுமதித்தது. இன்று அது 2,50,000 டாலர். எட்டு டாலரில் ஆரம்பித்த கதை!

பூட்டு திறந்ததும் என்ன ஆனது? அங்கே பல்கலைக்கழகம் பணம் கொடுத்துக் கூப்பிட்ட காலம் போய், இங்கிருந்து நாம் பணம் கட்டிப் போகிற காலம் வந்தது. இன்றும் பி.எச்டி.க்கு அவர்கள்தான் பணம் கொடுக்கிறார்கள். ஆனால் கூட்டம் போவது எம்.எஸ்.ஸுக்கு. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர், சீனாவைவிட அதிகம். இதில் 97,556 பேர் ஓ.பி.டி.யில், அதாவது படிப்பை முடித்து வேலையில் இருந்தவர்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 லட்சம் கடன், 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் 20 லட்சம், இரண்டாம் வருடம் 20 லட்சம் கொடுக்கிறோம். இரண்டு வருடப் படிப்பும் ஒரு வருட அவகாசமும் முடியும்போது, தனிவட்டியே 10 லட்சம் சேர்ந்திருக்கும். ஆக 50 லட்சம். 15 வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 53,700 ரூபாய். டாலர் 90 ரூபாய் கணக்கில் 600 டாலர்கூட இல்லை. அங்கே வேலையில் இருப்பவனுக்கு இது கட்டக்கூடிய தொகை. அதே பையன் திரும்பி வந்து இங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்தால், பலருக்கு முதல் சம்பளமே இந்தத் தொகைக்கு வராது. கடன் ஒன்றுதான், பையன் ஒருவன்தான். அவன் எந்த ஊரில் நிற்கிறான் என்பதை வைத்து அது நல்ல கடனா வாராக்கடனா என்பது முடிவாகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கடனில் அவகாசம் ஒரு வருடம். ஓ.பி.டி.யும் அடிப்படையில் ஒரு வருடம். இரண்டு கடிகாரமும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஓட ஆரம்பிக்கின்றன. அந்த 12 மாதத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக்கூடாது என்பது அமெரிக்க விதி. அறிவியல், தொழில்நுட்பம் படித்தவர்களுக்கு 2008-ல் கூடுதலாக 17 மாதம் கொடுத்தார்கள். 2015-ல் ஒரு நீதிமன்றம், சரியான நடைமுறையில் கொண்டுவரவில்லை என்று அதை ரத்து செய்தது. 2016 மே மாதம் புதிய விதி போட்டு 24 மாதம் ஆக்கினார்கள். அதன்மீதும் வழக்கு. 2022-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லும் என்றது, 2023-ல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. நாம் 15 வருடக் கடனுக்கு ஆதாரமாக நினைக்கும் விஷயம், அங்கே ஒரு துறை போட்ட விதி. பாராளுமன்றம் போட்ட சட்டம்கூட இல்லை.

அமெரிக்கா மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். பிரிட்டன் 2008-ல், படிப்பு முடித்தவர்கள் இரண்டு வருடம் தங்கி வேலை பார்க்கலாம் என்றது. 2012 ஏப்ரலில் அந்த வழியை மூடியது. 2009 செப்டம்பரில் மூன்று வருடப் பட்டப்படிப்புக்குப் போனவன் கடைசிப் பரீட்சை எழுதும்போது, அவன் நம்பிப் போன வழி இல்லை! 2021 ஜூலையில் மறுபடி திறந்தார்கள், இரண்டு வருடம். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கும் இளங்கலை, முதுகலை மாணவர்களுக்கு அது 18 மாதம்தான் என்று 2025-ல் முடிவெடுத்துவிட்டார்கள். அவர்கள் நாடு, அவர்கள் தேவை. ஆள் வேண்டும் என்றால் திறப்பார்கள், தேர்தல் வந்தால் மூடுவார்கள். அதில் கோபப்பட எனக்கு ஒன்றும் இல்லை. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அமெரிக்க ஜனாதிபதி அறிவித்தார். அமெரிக்காவுக்குள்ளேயே மாணவர் விசாவிலிருந்து மாறுகிறவர்களுக்கு இது பொருந்தாது என்று விளக்கம் வந்தது அக்டோபர் 20-ம் தேதி. நடுவில் ஒரு மாதம்.

அந்த ஒரு மாதத்தில் என் மேசைக்கு வந்த ஒரு தகப்பனாரை மறக்க முடியவில்லை. ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் அங்கே எம்.எஸ். கடைசி செமஸ்டர். வீட்டுப் பத்திரம் எங்கள் லாக்கரில் இருக்கிறது. வட்டி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேட்கத்தான் வந்தார். ஸ்டேட்மென்ட் எடுத்துக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வீட்டை விற்றால் எவ்வளவு போகும் என்று உங்கள் வேல்யூயர் எழுதியிருப்பாரே, அந்தத் தொகை என்ன?" என்று ஹிந்தியில் மெதுவாகக் கேட்டார். ஃபைலைப் பார்த்துச் சொன்னேன். மகளிடம் சொல்ல வேண்டாம், அவளுக்குப் பரீட்சை இருக்கிறது என்றார்.

சுப்பாராவ் காலத்தில் தங்க முடியாவிட்டால் நஷ்டம் அவருக்கும் அவர் மனைவிக்கும். 1970-ல் நஷ்டம் ஒரு கனவு. இன்று நஷ்டம் பெற்றவர்கள் குடியிருக்கும் வீடு. நூறு வருடத்தில் உண்மையில் மாறியது இதுதான். தங்க அனுமதிப்பது அன்றும் இன்றும் அந்த நாட்டின் கையில்தான் இருக்கிறது, அதன் விலையை மட்டும் நம் பக்கம் தள்ளிவிட்டார்கள். நாமும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டோம்.

போகாதே என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நானே ஊரைவிட்டு ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வந்து பிழைக்கிறவன், எனக்கு அந்த அருகதை கிடையாது. கடன் கேட்டு வருகிறவர்களிடம் மூன்று கேள்வி கேட்கச் சொல்கிறேன், அவ்வளவுதான். ஒன்று, பையன் படிப்பு முடித்த மறுமாதமே திரும்பி வந்தால் இந்தத் தவணையை இங்கத்திய சம்பளத்தில் எவ்வளவு கட்ட முடியும்? இரண்டு, மீதியை யார் கட்டுவார், அவருக்கு எத்தனை வருட சர்வீஸ் பாக்கி? மூன்று, அடமானம் வைப்பது இருக்கிற வீடா, வேறு மனையா? மூன்றாவது கேள்விக்கு "இருக்கிற வீடு" என்று பதில் வந்தால், கடன் தொகையைக் குறைக்கப் பாருங்கள் என்பேன். செலவு குறைந்த பல்கலைக்கழகம், அசிஸ்டன்ட்ஷிப் கிடைக்கும் இடம், இல்லை இங்கே இரண்டு வருடம் வேலை பார்த்துக் கையில் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு போவது, ஏதாவது ஒன்று.

அந்தப் பெண்ணுக்கு டிசம்பரில் படிப்பு முடிந்தது. இப்போது ஓ.பி.டி.யில் இருக்கிறாள். அவகாசக் காலத்திலேயே வட்டியை மட்டும் மாதாமாதம் அனுப்ப ஆரம்பித்திருக்கிறாள். வீட்டுப் பத்திரம் இன்னும் எங்கள் லாக்கரில்தான்.

டிஸ்கி: இதெல்லாம் என் சொந்தக் கருத்து. என் வங்கிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வட்டி விகிதமும் விசா விதியும் மாறிக்கொண்டே இருப்பவை, கையெழுத்துப் போடும் முன் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.